மஞ்சூரியனா, மாமாக் மீயா, சீனச் சைவமா: புரட்டாசிச் சனிக்கிழமைக்கு எதைச் சமைப்பது?

புரட்டாசி பாதியைத் தாண்டினால் கோலாலம்பூரில் பல வீடுகளில் ஒரே புலம்பல் கேட்கும். சாம்பார், ரசம், கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, சைவ மட்டன் பிரட்டல், மறுபடியும் சாம்பார். மூன்றாவது வாரம் ஏதாவது ஒரு பிள்ளை, "அம்மா, இந்தச் சனிக்கிழமை சைனீஸ் செய்யலாமே" என்று கேட்டுவிடும். நியாயமான ஆசைதான். ஆனால் இந்த ஊரில் சைவமாக சைனீஸ் சமைக்க மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் சாமான் வாங்கும் கடை வேறு, கேட்கும் அடுப்பும் வேறு.

முதலாவது, இந்தியாவிலிருந்து வந்த மஞ்சூரியன், ஃபிரைட் ரைஸ், ஹக்கா நூடுல்ஸ் கூட்டணி. இரண்டாவது, மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) மீ கோரெங்கை, அதாவது வதக்கிய நூடுல்ஸை, முட்டையும் இறாலும் இல்லாமல் வீட்டில் புரட்டுவது. மூன்றாவது, சீனர்களே விரத நாளில் சாப்பிடும் சைவம்: காளான், தௌகுவா (கெட்டியான சோயாக் கட்டி), கோதுமைப் பசையிலும் சோயாவிலும் செய்த போலி இறைச்சி. எட்டுப் பேர் உட்காரும் ஒரு சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு இவற்றில் எது சரிவரும்?

பெரும்பாலோர் இதை நாக்கை வைத்து முடிவு செய்கிறார்கள். நான் அடுப்பை வைத்து முடிவு செய்யச் சொல்வேன். அதற்கும் முன்னால், சாப்பிட வருகிறவர்கள் எதையெல்லாம் தொடமாட்டார்கள் என்று பார்த்துவிட வேண்டும்.

மூன்றும் எங்கிருந்து வந்தவை என்று கொஞ்சம் தெரிந்தால் எதில் எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பது விளங்கும். கல்கத்தாவில் சீனர் குடியேற்றம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், டோங் அச்சியூ என்பவர் ஹூக்ளிக் கரையில் சர்க்கரை ஆலை வைத்த காலத்திலிருந்து தொடங்குகிறது. பிறகு வந்த ஹக்கா சீனர்கள் தங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழிலில் இறங்கினார்கள். தங்ராவின் சாப்பாட்டுக் கடைகளில் சோயா சோஸும் பச்சை மிளகாயும் நன்றாகவே சேர்ந்துகொண்டன. மஞ்சூரியனுக்கு வயது அவ்வளவு ஆகவில்லை. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங், 1975-இல் மும்பையின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில், பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலா போட வேண்டிய இடத்தில் சோயா சோஸை ஊற்றி, சோளமாவும் கோழியும் சேர்த்தார் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கதை. கோழி இருந்த இடத்துக்குக் காலிஃபிளவர் அப்புறம்தான் வந்தது. ஆக, வதக்கல் நம்முடையது, நிறமும் உப்பும் சீனருடையது. வதக்கலை விட்டுக்கொடுத்தால் மஞ்சூரியன் இல்லை. மற்றதெல்லாம் மாற்றத்தக்கதே.

கோலாலம்பூருக்கும் ஹக்காக்காரர்களுக்கும் உறவு இன்னும் நெருக்கம். ஈயச் சுரங்கக் காலத்தில் இந்த ஊரைத் தூக்கி நிறுத்திய கப்பித்தான் (சீனர் தலைவர்) யாப் ஆ லோய் ஹக்காதான். ஆனால் இங்கே கோப்பிக் கடையில் கிடைக்கும் ஹக்கா மீ, கொத்திய பன்றி இறைச்சியை மேலே போட்டுத் தருவது. இந்திய மளிகைக் கடை பாக்கெட்டில் பச்சைப் புள்ளி போட்ட ஹக்கா நூடுல்ஸை நினைத்துக்கொண்டு அங்கே போய்க் கேட்டுவிடாதீர்கள்.

இந்த ஊருக்கென்று சொந்தமாக ஓர் இந்தோ-சைனீஸ் உண்டென்றால் அது மாமாக் மீ கோரெங். மஞ்சள் மீ, தௌகுவா, தௌகே (முளைகட்டிய பயறு) எல்லாம் சீனரிடமிருந்து வந்தவை. அவற்றைக் காய்ந்த மிளகாய் விழுதிலும் தக்காளி சோஸிலும் புரட்டி, அவித்த உருளைக்கிழங்கு சேர்த்து, லிமாவ் கஸ்தூரி (சிறிய எலுமிச்சை) பிழிந்து கொடுத்தது தமிழ் முஸ்லிம்களின் கை. பினாங்குக்காரர்கள் தங்கள் ஊர் மீதான் மேல் என்பார்கள். சண்டைக்குப் போக வேண்டாம், அவர்கள் சொல்வது சரிதான்.

சீனச் சைவத்துக்கு நாள் கணக்கு உண்டு. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாள், ஒன்பது பேரரசர் தெய்வங்களின் விழா. அதுவும் நம் நவராத்திரியும் அமாவாசையை ஒட்டித் தொடங்குபவை என்பதால் பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டும் சேர்ந்தே வரும். 2025 போல சீனக் கணக்கில் மட்டும் அதிக மாதம் வந்த ஆண்டில் அவர்களுடையது ஒரு மாதம் தள்ளிப்போகும். அந்த நாட்களில் அம்பாங் கோயிலைச் சுற்றி மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் நிறைந்திருக்கும். வீட்டில் சமைக்க யோசிப்பவர் ஒரு மாலை அங்கே நடந்துவிட்டு வந்தாலே பாதி முடிவு ஆகிவிடும்.

யார் எதைத் தொடமாட்டார்கள்

வெங்காயமும் பூண்டும் விலக்குகிற பெரியவர்கள் பந்தியில் பலர் இருந்தால் கணக்கு மாறிவிடும். பூண்டில்லாத மஞ்சூரியன் செய்முறைகள் இருக்கின்றன. பெருங்காயம் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். போட்டால் சாம்பார் வாசம் எட்டிப் பார்க்கும். சாம்பாரிலிருந்து தப்பிக்கத்தானே இத்தனை பாடு?

அந்த வீட்டுக்கு மூன்றாவது வழிதான் சரி. சீன பௌத்தச் சைவத்தில் பூண்டு, வெங்காயம், லீக்ஸ், குச்சாய்க் கீரை எதுவும் சேராது. அது பூண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்ட சமையல் இல்லை, ஆரம்பத்திலிருந்தே பூண்டில்லாமல் வளர்ந்த சமையல். காய்ந்த ஷீட்டேக் காளான் ஊறிய தண்ணீர், இஞ்சி, நல்லெண்ணெய், வெள்ளை மிளகு, தௌச்சு என்ற சோயா விழுது ஆகியவை சேர்ந்து அந்தக் குறையைத் தெரியாமல் செய்துவிடும். ஒரு விஷயம் கவனிக்கணும்: அவர்கள் போடும் நல்லெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது, கறுப்பாக இருக்கும். நம் செக்கு நல்லெண்ணெயில் அந்த மணம் வராது. கடைசியில் ஒரு தேக்கரண்டி விட்டால் போதும்.

முட்டைதான் அடுத்த சிக்கல். மஞ்சள் மீயைப் பார்த்தால் முட்டை போட்டதுபோலத் தெரியும். பெரும்பாலும் அந்த மஞ்சள் காரத்தால் வருவது. மாவில் சேர்க்கும் காரத் தண்ணீர் கோதுமையில் இயல்பாக உள்ள நிறமிகளை மஞ்சளாக்குகிறது, மேற்கொண்டு சாயமும் சேர்ப்பதுண்டு. ஆனால் முட்டை சேர்த்த மீயும் அதே அலமாரியில் பக்கத்திலேயே இருக்கும். பாக்கெட்டைத் திருப்பி 'தெலூர்' (முட்டை) என்ற மலாய்ச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே 'உடாங்' (இறால்), 'இக்கான் பிலிஸ்' (நெத்திலி), 'பெலாச்சான்' (இறால் விழுது), 'தீராம்' (சிப்பி) ஆகியவற்றையும் தேடிவிடுங்கள். சம்பால் பாக்கெட்டுகளில் பெலாச்சான் ஒளிந்திருக்கும். சிப்பி சோஸில் சிப்பிதான் இருக்கும், சைவத்துக்கு என்று தனியாகக் காளானில் செய்தது விற்கிறார்கள். போலி இறைச்சியிலும் எல்லாம் ஒன்றல்ல. முட்டை வெள்ளையோ பால் பொடியோ சேர்த்தவை உண்டு. சைவம் என்று முன்னால் பெரிதாக எழுதியிருப்பதை நம்பி நின்றுவிடாமல் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிப்பது நல்லது.

இப்படி யாரும் எதையும் விலக்காத, முட்டை மட்டும் வேண்டாம் என்கிற வீடாக இருந்தால் மூன்று வழியும் திறந்தேயிருக்கிறது. அப்போதுதான் அடுப்பின் பேச்சு வருகிறது.

அடுப்பு சொல்வதைக் கேளுங்கள்

வீட்டு காஸ் அடுப்பின் பெரிய பர்னர் 4, 5 கிலோவாட் கொடுத்தால் அதிகம். சீனக் கடையிலும் மாமாக் கடையிலும் குவாலிக்குக் (வாணலிக்குக்) கீழே உறுமும் நெருப்பு அதைப்போல் பல மடங்கு. வோக் ஹெய் என்று இங்கே கண்டனீஸ்காரர்கள் கொண்டாடும் அந்தப் புகை மணம், எண்ணெயும் சோஸும் கொதிக்கும் இரும்பில் பட்டுக் கருகுகிற நொடியில் பிறப்பது. வீட்டுக் குவாலியில் ஒரு கிலோ மீயைக் கொட்டினால் சட்டி உடனே குளிர்ந்துபோகும், மீயிலிருந்தும் தௌகேயிலிருந்தும் தண்ணீர் விடும். அப்புறம் நீங்கள் செய்வது வதக்கல் இல்லை, அவியல். மீ ஒன்றோடொன்று ஒட்டிக் கஞ்சிப் பதத்துக்குப் போய்விடும்.

இதற்கு ஒரே வழி கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது. இரண்டு தட்டுக்கான மீ ஒரு தடவைக்கு. ஒவ்வொரு தடவையும் நாலைந்து நிமிடம், நடுவில் சட்டியைத் துடைத்து மறுபடி புகையும் வரை சூடாக்க இரண்டு நிமிடம். எட்டுப் பேருக்கு நான்கு தடவை. கூட்டிப் பார்த்தால் அரை மணி நேரம்தான். ஆனால் அந்த அரை மணி நேரமும் சமைப்பவர் அடுப்படியில், முதல் இருவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கடைசி இருவருக்கு இன்னும் தட்டு வந்திருக்காது. மீ கோரெங் காத்திருக்காது. ஹாட் பாக்ஸில் போட்டு மூடினால் இருந்த மொறுமொறுப்பும் போய்விடும். ஆகவே மாமாக் மீ என்பது என் கணக்கில் இரண்டு பேர், மூன்று பேர் உள்ள வீட்டின் வார நாள் சாப்பாடு. அதற்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது.

தெரஸ் வீட்டில், பின்பக்கம் திறந்த சமையற்கட்டு வைத்து, அங்கே அதிக அழுத்த ரெகுலேட்டரோடு ஒரு ஒற்றை அடுப்பு போட்டிருப்பவர்கள் இதில் விதிவிலக்கு. உங்களால் எட்டுப் பேருக்கும் மீ புரட்ட முடியும், இரண்டே தடவையில். அந்த அடுப்பை வீட்டுக்குள் அலமாரிக்கு அடியில் கொண்டுவந்து வைக்க மட்டும் நினைக்காதீர்கள், அது வெளிக்காற்றில் எரிய வேண்டியது. கொண்டோமினியத்தில் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு நிலைமை நேர் எதிர். அடிப்பாகம் உருண்ட குவாலி அதில் நிற்காது, தட்டையான சட்டியைத் தூக்கிச் சுழற்றினால் சூடு அறுந்துவிடும். புரட்டல் சமையலை விட்டுவிட்டுக் குழம்பாக வருவதைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

குழம்பாக வருவது மஞ்சூரியன். அதன் பெரிய பலமே இதுதான். காலிஃபிளவரை மத்தியானமே ஒரு தடவை பொரித்து வைக்கலாம். கிரேவியையும் மாவு கரைத்து விடுவதற்கு முந்தைய கட்டம் வரை செய்து வைக்கலாம். விருந்தினர் செருப்பைக் கழற்றும்போது இரண்டாம் தடவை பொரித்து, கிரேவியைக் கொதிக்க வைத்து, சோளமாவைக் கரைத்து ஊற்றிச் சேர்த்தால் பத்து நிமிடத்தில் மேசைக்கு வந்துவிடும். சமைத்தவரும் கூட உட்கார்ந்து சாப்பிடலாம். நம் வீடுகளில் விருந்து என்றாலே சமைத்த பெண் கடைசியில் தனியாகச் சாப்பிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. எந்த உணவு அதை மாற்றுகிறதோ அதற்கு நான் கூடுதலாக ஒரு மதிப்பெண் கொடுப்பேன்.

டிரை மஞ்சூரியனுக்கு இந்தப் பலம் இல்லை. சோஸ் பட்ட சில நிமிடங்களில் மேலோடு நமத்துவிடும். அதை வேண்டுமானால் முதலில் கொறிக்க, அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்குக் கொடுங்கள். சாப்பாட்டோடு பரிமாற கிரேவிதான்.

சீனச் சைவம் இரண்டுக்கும் நடுவில். காளானும் தௌகுவாவும் சேர்த்து மூடிவைத்து வேகவிடும் வகை இண்டக்‌ஷனிலும் அருமையாக வரும், ஒரு மணி நேரம் கழித்துச் சூடு பண்ணினாலும் ருசி குறையாது. கீரை வதக்கல் மட்டும் கடைசி நிமிட வேலை.

சோறா, மீயா

மஞ்சூரியன் என்று முடிவானால் கூடவே எது என்ற கேள்வி வரும். எட்டுப் பேருக்கு நான் சோறு என்பேன். மீயைவிடச் சோறு மன்னிக்கும் குணம் உள்ளது. இரண்டு மூன்று தடவையாக வதக்கி ஒரே பாத்திரத்தில் சேர்த்து மூடினாலும் அரை மணி நேரம் தாங்கும்.

ரைஸ் குக்கர் கப்பில் நான்கு கப் அரிசி எட்டுப் பேருக்குப் போதும், கூட மஞ்சூரியனும் வேறொன்றும் இருந்தால். தண்ணீரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறையுங்கள். பாஸ்மதி உதிரியாக வரும், சாதாரண உள்ளூர் வெள்ளை அரிசியும் தப்பில்லை. தாய்லாந்து மணச் சோறு ஒட்டும் தன்மை உள்ளது, அதில் நல்ல ஃபிரைட் ரைஸ் எடுக்கக் கை தேர்ந்திருக்க வேண்டும். பழைய சோறு நல்லது என்பது உண்மைதான். ஆறியபின் மாவுச்சத்து இறுகுவதால் பருக்கைகள் பிரிந்து நிற்கும். அதற்காக ராத்திரி முழுக்கச் சமையலறை மேடையில் விட்டுவிடக் கூடாது, அதுவும் இந்த ஊர் வெக்கையில். சோற்றில் வேகவைத்தும் சாகாத பேசில்லஸ் கிருமியின் வித்துகள் இருக்கும். வெளியே கிடந்தால் அவை முளைத்து விஷத்தை உண்டாக்கும், மறுநாள் எவ்வளவு வதக்கினாலும் அந்த விஷம் அழியாது. வடித்தவுடன் அகலத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். நான்கு மணி நேரம் இருந்தாலே வதக்கப் பக்குவமாகிவிடும்.

மீதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், பிரிக்ஃபீல்ட்ஸிலோ லெபோ அம்பாங்கிலோ விற்கும் காய்ந்த இந்திய ஹக்கா நூடுல்ஸ், புடு சந்தையின் ஈர மஞ்சள் மீ, பீஹூன் (அரிசிச் சேமியா), குவேய் தியாவ் (பட்டையான அரிசி நூடுல்ஸ்) என்று நான்கு இருக்கின்றன. மஞ்சூரியனுக்குப் பக்கத்தில் மஞ்சள் மீ எடுபடாது. அதன் கார வாசமும் தடிமனும் கிரேவியோடு மோதும். அது மாமாக் முறைக்கென்றே பிறந்தது, அங்கேயே இருக்கட்டும். போடுவதற்கு முன் வெந்நீரில் ஒரு அலசு அலசினால் எண்ணெய்ப் பிசுக்கும் கார நெடியும் போகும். குவேய் தியாவ் வீட்டு அடுப்பில் உடைந்து கூழாகும், விடுங்கள். பீஹூன்தான் பலரும் கவனிக்காத நல்ல மாற்று. அரிசியில் செய்தது, முட்டைப் பயம் இல்லை, முன்கூட்டியே செய்து வைத்தாலும் பதம் கெடாது. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, கிச்சாப் (சோயா சோஸ்) கலந்த கொஞ்சம் தண்ணீரைச் சட்டியில் கொதிக்கவிட்டு அதிலேயே போட்டு வற்றவிட்டால் நிறமும் உப்பும் ஒரே சீராக ஏறும்.

உள்ளே எதைப் போடுவது

காலிஃபிளவர் பிரபலம், ஆனால் வேலை அதிகம். உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் இரண்டு நிமிடம் விட்டு வடித்து, துணியில் பரப்பி நன்றாக உலர விட வேண்டும். ஈரம் இருந்தால் மாவு வழுக்கி விழும். இரண்டு நடுத்தரப் பூவுக்கு ஒரு கப் மைதா, அரை கப் சோளமாவு, இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு, மிளகுத்தூள், உப்பு, தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியான கரைசல். மைதா அதிகமானால் பஜ்ஜி ஆகிவிடும், சோளமாவு அதிகமானால் கல்லாகிவிடும். இரண்டுக்கு ஒன்று என்பது எனக்குச் சரியாக வருகிறது.

முட்டைக்கோஸ் உருண்டை மலிவு. கேமரன் மலை முட்டைக்கோஸும் காரட்டும் துருவி, உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்து, தண்ணீரை ஒட்டப் பிழிந்துவிட்டு மாவு சேர்க்க வேண்டும். பிழியாதவர்களுக்கு எண்ணெயில் உருண்டை பிரிந்து போகும். பொரித்தபின் கிரேவியில் ஊறினாலும் ருசி கூடத்தான் செய்யும், அதனால் விருந்துக்குக் காலிஃபிளவரைவிட இது பாதுகாப்பானது.

எனக்குப் பிடித்தது சிப்பிக் காளான். இங்கேயே வளர்கிறது, எந்தப் பசாரிலும் கிடைக்கும், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பொரித்துத் தாளில் போட்டு விற்பதைப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கம். கையால் கிழித்து, கழுவியதை அழுத்திப் பிழிந்து, கரைசல் வேண்டாம், உலர்ந்த சோளமாவிலேயே புரட்டிப் பொரித்தால் போதும். இறைச்சியைத் தேடும் நாக்குக்கு இது போலி இறைச்சியைவிட நேர்மையான பதில்.

பனீருக்கும் தௌகுவாவுக்கும் இடையே தேர்வு என்றால் நான் யோசிக்கவே மாட்டேன். சில்லி பனீர் இந்திய உணவகத்தில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே நல்ல பனீர் விலை அதிகம், குளிரூட்டியில் கிடந்தது ரப்பராக இருக்கும். பக்கத்துச் சீனக் கடையில் அன்று காலை வந்த தௌகுவா சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும்போது எதற்கு அந்தச் செலவு? சதுரமாக வெட்டி, ஈரம் ஒற்றி, நான்கு பக்கமும் பொன்னிறமாக வறுத்து, அதே சில்லி பனீர் மசாலாவில் குடைமிளகாயோடு போட்டால் சோஸை இழுத்துக்கொள்வதில் பனீரே தோற்றுப் போகும். பாலைத் தொடாதவர்களுக்கும் ஆகும்.

சோஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தியச் செய்முறையில் சோயா சோஸ் மூன்று கரண்டி என்றிருந்தால் இங்கே கையில் கிடைக்கும் கிச்சாப் மானிஸை (இனிப்புச் சோயா சோஸை) ஊற்றிவிடாதீர்கள், பாயசமாகிவிடும். உப்புக்குக் கிச்சாப் சாயிர் (நீர்த்த உப்புச் சோயா சோஸ்), நிறத்துக்குக் கறுப்புக் கிச்சாப் அரைத் தேக்கரண்டி. நம் ஊர் மிளகாய் சோஸும் இந்தியச் சோஸைவிட இனிப்பு. அதனால் தக்காளி சோஸைப் பாதியாகக் குறைத்து, காரத்துக்குச் சிலி போவை (அரைத்த மிளகாய் விழுதை) நேரடியாக எண்ணெயில் வதக்குங்கள், எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரை. அந்தப் பொறுமை இருந்தால் ஷெஷ்வான் சட்னி பாட்டிலே தேவையில்லை. வினிகர் அடுப்பை அணைக்கும்போதுதான். புளிப்போடு அதிக நேரம் கொதித்தால் சோளமாவின் கெட்டி தளர்ந்து கிரேவி நீர்த்துவிடும்.

கடைகளில் விற்கும் மஞ்சூரியன் மசாலா பாக்கெட் அவசரத்துக்கு உதவும். உப்பு தூக்கலாக இருக்கும், கிச்சாப்பை நிறுத்திக்கொள்ளுங்கள். அஜினோமோட்டோவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 1908-இல் ஜப்பானில் கிகுனே இகேடா கடற்பாசியிலிருந்து பிரித்த சுவை அது, இன்று கரும்பு, மரவள்ளி போன்றவற்றைப் புளிக்கவைத்துச் செய்கிறார்கள், சைவம்தான். அதில் சோடியம் சுமார் 12 விழுக்காடு, சாதாரண உப்பில் 39. கால் தேக்கரண்டி போட்டு உப்பைக் குறைத்தால் மொத்தச் சோடியம் குறையும். வேண்டாம் என்பவர்கள் காளான் ஊறிய தண்ணீரை ஊற்றினால் ஏறத்தாழ அதே வேலை நடக்கும்.

தாப்பாவ் (கடைப் பார்சல்) வாங்குவதையும் ஒரு வழியாகச் சொல்வார்கள். இரண்டு பேருக்குச் சரி. எட்டுப் பேருக்கு வாங்கினால் பிளாஸ்டிக் பெட்டியில் ஆவி பிடித்து எல்லாமே ஒரே ருசியில் வந்து சேரும், காசும் வீட்டில் சமைப்பதைவிடக் கணிசமாகக் கூடும்.

ஆக, சாதாரண காஸ் அடுப்பும் பூண்டு சாப்பிடும் குடும்பமும் உள்ள வீட்டுக்கு என் பட்டியல் இது: சிப்பிக் காளான் கிரேவி மஞ்சூரியன், ஃபிரைட் ரைஸ், தௌகுவா சில்லி, சாவிக் கீரை (சீனக் கடுகுக் கீரை) இஞ்சி வதக்கல். பொரிப்பது ஒன்றே ஒன்றுதான், கவனித்தீர்களா? இரண்டு பொரியலை ஒரே சாப்பாட்டில் வைத்தால் எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்காது, மற்ற எதற்கும் இடம் கிடைக்காது. சோறு காலையிலேயே வடித்தாகிவிடும். காளான் நான்கு மணிக்கு முதல் பொரிப்பு, மிதமான சூட்டில், வெளுத்த நிறத்தில் எடுத்துவிட வேண்டும். தௌகுவாவையும் அப்போதே வறுத்து வைக்கலாம். ஆறரைக்குச் சோற்றை வதக்கி மூடுங்கள். ஏழுக்கு எண்ணெயை நன்றாகக் காயவைத்துக் காளானின் இரண்டாம் பொரிப்பு, ஒரு நிமிடம் போதும். கிரேவிக்கு மூன்று கப் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி சோளமாவு, அரை கப் பச்சைத் தண்ணீரில் கரைத்தது. ஊற்றியதும் கிளறிக்கொண்டே இருந்து, வெள்ளை மாறிப் பளபளப்பு வந்ததும் அணைத்துவிடுங்கள். ஆறும்போது இன்னும் கெட்டியாகும்.

பூண்டு விலக்கும் பாட்டி ஒருவர் மட்டும் வருகிறார் என்றால் முழுப் பட்டியலையும் மாற்ற வேண்டியதில்லை. தௌகுவாவில் ஒரு பங்கைச் சில்லியில் சேர்க்காமல் எடுத்துவைத்து, ஊறிய ஷீட்டேக், இஞ்சி, வெள்ளை மிளகு, கிச்சாப் சேர்த்துத் தனிச் சட்டியில் பதினைந்து நிமிடம் மூடி வேகவிட்டு, வெறும் சோற்றோடு கொடுக்கலாம். ஆனால் அளவைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள். பாட்டி தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட இரண்டு பேராவது வருவார்கள்.